நாசாரியோவின் தாளம்

1996 அக்டோபர் 6

இன்றும் தண்ணீர் லாரி வரவில்லை. ரெமே அக்கா வாசலில் வாளியோடு நின்று, வராத ஓட்டுநரின் பரம்பரையையே திட்டி முடித்துவிட்டு மருந்துக்கடைக்கு வேலைக்குக் கிளம்பினாள்.

மதியம் ஒரு பெண்ணின் பதினைந்தாவது பிறந்தநாள் விருந்து. ஞாயிற்றுக்கிழமை என்றால் மெக்ஸிகோ நகரத்தின் ஓரத்திலிருக்கும் எங்கள் நேசாவில் தெருவுக்கொரு பந்தல், பந்தலுக்கொரு பாட்டுக்குழு. நாங்கள் கும்பியா வாசித்தோம், அவர்கள் ஆடினார்கள். மாமன் ஒருவன் குடித்துவிட்டு கேக் மேல் விழுந்தான். எப்போதும் யாராவது ஒரு மாமன் விழுவான்.

இடைவேளையில் கறுப்புச் சட்டை போட்ட நெட்டையன் ஒருவன் என் டிரம்ஸ் பக்கம் வந்து நின்றான். பெயர் ஹெர்மிலோ. அஸோத்தேயா குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவனாம். ராக் கேட்காத எனக்கே அந்தக் குழுவின் பெயர் தெரியும். மொட்டைமாடி என்று ஒரு குழுவுக்குப் பெயர் வைத்தால் யாருக்குத்தான் மறக்கும்? அவர்களுடைய டிரம்மர் நாசாரியோ போன மாதம் த்லால்பான் சாலையில் மினிபஸ் மோதி இறந்ததைச் செய்தித்தாளில் பார்த்திருந்தேன்.

"ஆல்பம் பாதியில நிக்குது. முடிச்சுக் கொடுக்க ஆள் வேணும்" என்றான்.

"ஏன், ஊர்ல இருக்கிற ராக் டிரம்மர் எல்லாரும் செத்துட்டாங்களா?"

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று உறைத்தது. நல்லவேளை, அவன் கோபப்படவில்லை.

"இருக்காங்க. வர்றவன் எல்லாம் நாசாரியோ மாதிரியே அடிச்சுக் காட்டுறான். அதைக் கேட்டதும் ஃபவுஸ்தோ எழுந்து வெளிய போயிடுறான்."

ஃபவுஸ்தோ, பாடகன். நாசாரியோவின் தம்பி.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? இத்தனை வருஷமாக நான் வாசித்ததெல்லாம் விருந்து முடிந்ததும் எச்சில் தட்டுகளோடு சேர்ந்து போய்விடுகிறது. எங்கேயும் பதிவானதில்லை. வேறு காரணம் வேண்டுமா?

ரெமே அக்காவிடம் சொன்னேன். "செத்தவன் செருப்புல காலை விடப் போறியாடி?" என்றாள்.

அக்டோபர் 9

கோயோவாகானில் ஸ்டூடியோ. அங்கே இருப்பது நாசாரியோவின் டிரம்ஸ். அவன் விட்டுப்போனபடியே இருக்கிறது. நடுவிலிருக்கும் ஸ்னேர் டிரம் மேல் ஒரு துண்டு கிடந்தது. ஹெர்மிலோதான் அதை எடுத்து மடித்து வைத்தான்.

நாசாரியோ உயரமானவன். நான் ரெமே அக்காவின் தோளுக்குத்தான் வருவேன். உட்கார்ந்தால் கால் பெடலுக்கு எட்டவில்லை. இருக்கையின் திருகாணியைத் திருப்பக் குனிந்தேன்.

"அதைத் தொடாதீங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் வந்த குரல். ஃபவுஸ்தோ. அதுவரை அவன் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"கால் எட்டலைங்க" என்றேன்.

ஒலிப்பதிவை நடத்தும் புருனோ, அர்ஜென்டினாக்காரர், தன் காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கையின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நாள் முழுக்க வாசித்தேன், கிளையில் தொங்கும் வௌவால் மாதிரி.

அக்டோபர் 10

இடுப்பு போயிற்று. அக்கா மருந்துக்கடையிலிருந்து பிளாஸ்திரி கொண்டுவந்தாள். கூடவே ஒரு சிரிப்பும்.

அக்டோபர் 17

இன்று போனபோது இருக்கை இறங்கியிருந்தது. யார் இறக்கியது என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. எட்டாவது பாட்டும் ஒன்பதாவதும் முடிந்தன. முதல் ஆறு பாட்டும் நாசாரியோ வாசித்தவை. ஏழாவதை மட்டும் தாண்டிப் போகிறார்கள். அதன் பெயர் வந்தால் ஃபவுஸ்தோ சிகரெட் தேடுகிறான்.

மதியம் டாக்கோ கடையில் நின்றபடி சாப்பிடும்போது ஹெர்மிலோவிடம் கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

பாட்டின் பெயர் 'எதிர்வெயில்'. சாயங்காலம் சுவரில் பட்டுத் திரும்பும் வெயிலில், வராத ஒருவனுக்காக ஒருத்தி காத்து நிற்கிற பாட்டு. எழுதியது ஃபவுஸ்தோ. தாளம் விறுவிறுவென்று போகவேண்டும் என்பது அவன் கட்சி. நாசாரியோ ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு அடியையும் ஒரு மயிரிழை தள்ளிப் போட்டானாம், மேட்டில் ஏறுகிறவன் கால்போல. காலையிலிருந்து சண்டை. கடைசியில் ஃபவுஸ்தோ எல்லோர் முன்னாலும் கத்தியிருக்கிறான்: "நீ இழுக்கிற! எப்பவும் உன்னை நான்தான் இழுத்துக்கிட்டு அலையறேன்!"

நாசாரியோ குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனான். சாயங்காலம் போன் வந்தது.

"கடைசியாப் பேசினது அதுதான்" என்றான் ஹெர்மிலோ. கையிலிருந்த டாக்கோவைக் கடிக்காமல் அப்படியே காகிதத்தில் வைத்தான்.

பிறகு பையிலிருந்து ஒரு கேசட் எடுத்துக் கொடுத்தான். ஒத்திகையில் நாசாரியோ தன் விருப்பப்படி அதை வாசித்தது. மோசமான பதிவு, பாதியில் நின்றுவிடுகிறது. "கேட்டு வைங்க. ஃபவுஸ்தோவுக்குத் தெரிய வேண்டாம்."

அக்டோபர் 20

கேசட்டைக் கேட்டேன். மறுபடி கேட்டேன். அவன் இழுக்கவில்லை. அந்தப் பெண் நிற்கிறாள் இல்லையா, அவளோடு சேர்ந்து நிற்கிறான், அவ்வளவுதான்.

இதை எப்படித் தப்பென்று சொன்னான் அந்த முட்டாள்?

நவம்பர் 2

இறந்தவர்களின் நாள். ஃபவுஸ்தோவின் அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நான் எதற்கு என்றேன். "நீங்க வரலைன்னா அம்மா என்னைத் திட்டுவாங்க" என்றான் ஃபவுஸ்தோ. அவன் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

போர்த்தாலெஸில், த்லால்பான் சாலையோரமாக, தரைத்தளத்து வீடு. கூடத்தில் துலுக்கச் சாமந்தி குவித்துப் படையல். நடுவில் நாசாரியோவின் படம், பல் தெரியச் சிரிக்கிறான். முன்னால் அவன் குடிக்கும் பீர், ரொட்டி, சர்க்கரை மண்டையோடு, ஒரு ஜோடி டிரம்ஸ் குச்சி. அம்பாரோ அம்மா சிறிய உருவம். என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பி, உள்ளங்கைக் காய்ப்பைத் தடவிப் பார்த்தார்.

"அவனுக்கும் இங்கதான் காய்ச்சிருக்கும்" என்றார். "உக்காரு கண்ணு. மோலே சூடா இருக்கு."

சாப்பிடும்போது கேட்டார். "எத்தனை பாட்டு அவன் வாசிச்சது?"

ஹெர்மிலோ வாய் திறப்பதற்குள் ஃபவுஸ்தோ சொன்னான்: "ஏழும்மா. ஏழாவதையும் முடிச்சுட்டுத்தானே போனான். நல்லா வந்துச்சுன்னு என்னைக் கட்டிப் பிடிச்சான். வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன்னு கிளம்பினான். சொன்னேன்ல?"

நான் தட்டைப் பார்த்தேன். ஹெர்மிலோவும் தட்டைப் பார்த்தான்.

"சொன்னே, சொன்னே" என்றார் அம்மா. "அப்போ நிம்மதியாத்தான் போயிருக்கான்." எழுந்து ஃபவுஸ்தோவின் தட்டில் இன்னொரு கரண்டி மோலே குழம்பு ஊற்றினார்.

திரும்பும்போது காரில் ஃபவுஸ்தோ சாலையைப் பார்த்தபடியே பேசினான். "அடக்கத்தன்னிக்கு அம்மா கேட்டாங்க, கடைசியா என்னடா பேசினான்னு. என்ன சொல்லச் சொல்றீங்க?"

ஹெர்மிலோ தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

"இப்போ அந்தப் பாட்டு இருந்தே ஆகணும்" என்றான்.

நவம்பர் 6

எதிர்வெயில். காலையில் ஃபவுஸ்தோ கேட்ட வேகத்தில் வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கேட்டால் சோப்பு விளம்பரம் மாதிரி இருந்தது. மறுபடி. மறுபடி. புருனோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மதியம் யாரும் சாப்பிடப் போகவில்லை.

"நீங்க நினைக்கிறபடி ஒரு தடவை வாசிங்க" என்றார் புருனோ கடைசியில்.

நான் நினைக்கிறபடியா! நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் கேசட்தான். ஹெர்மிலோ என்னைப் பார்த்தான். வாசித்தேன். அடியைத் தள்ளிப் போட்டேன், விழுந்துவிடும் என்று தோன்றும் வரைக்கும் தள்ளி, பிறகு போட்டேன். பாதியில் நின்றுபோன கேசட்டுக்கு அப்புறம் எப்படிப் போவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கல்யாணப் பந்தலில் கடைசி ஜோடி மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்போது வாசிப்பேனே, அப்படிப் போனேன்.

முடிந்தபோது ஃபவுஸ்தோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது.

"இதைத்தான் அவன் கேட்டான்" என்றான் மைக்கில். "இதைத்தான் கேட்டான்."

வெளியே போய்விட்டான். அன்றைக்கு அதற்குமேல் வேலை நடக்கவில்லை.

என் வாழ்க்கையில் நான் வாசித்ததிலேயே நல்லது அது. சந்தோஷப்படக் கூடாத இடத்தில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன்.

டிசம்பர் 1

ஃபவுஸ்தோ நேசாவுக்கு வந்தான். தெரு முழுக்கச் சேறு, அவன் பூட்ஸ் முழுக்கச் சேறு. அக்கா காபி கொடுத்துவிட்டு, போகாமல் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அட்டையில் அச்சடிக்கும் பெயர்கள் பற்றி என்றான். கடைசி நான்கு பாட்டுக்கும் என் பெயர் வரும். ஏழாவதுக்கு மட்டும் —

"அண்ணன் பேரா?" என்றேன்.

தலையாட்டினான். "அம்மாவுக்காக. கேவலமான உதவிதான், தெரியும்."

"அவ கைதானே வலிச்சது?" என்றாள் அக்கா. "பத்து நாள் நான்தான் ஒத்தடம் கொடுத்தேன். உங்கண்ணன் வந்து கொடுத்தானா?"

"அக்கா!"

"நீ சும்மா இருடி. சார், உங்க பொய்க்கு எங்க வீட்டுப் பிள்ளையை ஏன் சார் கூலிக்குப் பிடிக்கிறீங்க?"

அவன் தலை கவிழ்ந்தது. அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. "எங்கண்ணனை நான் துரத்தினேங்க" என்றான். "அதை அம்மாகிட்ட சொல்ல என்னால முடியாது. என்னால முடியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 3

சரி என்று போன் செய்துவிட்டேன். அக்கா என்னோடு பேசவில்லை.

1997 மார்ச் 15

ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது, 'இரவல் தண்ணீர்' என்ற பெயரில். நல்ல அட்டை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, பின்னால் மங்கிய மலை. ஏழாவது பாட்டுக்கு நேராக நாசாரியோவின் பெயர். அதற்குக் கீழே நான்கு பாட்டுக்கு நான்.

மார்ச் 30

பைத்தியம் பிடித்திருக்கிறது எல்லோருக்கும். மினிபஸ்ஸில் கேட்கிறது, டாக்கோ கடையில் கேட்கிறது. இந்த வருஷத்தின் ஆல்பம் என்கிறார்கள், இந்தப் பத்தாண்டின் ஆல்பம் என்கிறார்கள். பொகோத்தாவிலிருந்தும் சந்தியாகோவிலிருந்தும் கச்சேரிக்குக் கூப்பிடுகிறார்கள்.

ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் முழுக்க விமர்சனம். அக்காதான் வாங்கிவந்து என் முன்னால் போட்டாள், அந்தப் பத்தியை மட்டும் நகத்தால் கீறி. எதிர்வெயிலில் நாசாரியோ நம்மிடம் விடைபெறுகிறான், சாவை அறிந்தவனின் கைகள் இவை என்று எழுதியிருந்தான் அந்த ஆள். அதோடு விட்டிருக்கலாம். "பின்னால் வரும் நான்கு பாட்டிலும் தாளம் ஒழுங்காக இருக்கிறது. உயிர்தான் இல்லை."

விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஏப்ரல் 19

மேடையில் நான்தான் வாசிக்கிறேன். இன்று குவாதலஹாராவில். ஏழாவது பாட்டு தொடங்கியதும் ஃபவுஸ்தோ ஒரு விரலை வானத்தை நோக்கி நீட்டுவான். அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் "நாசாரியோ! நாசாரியோ!" என்று கத்தும், என் அடிக்குச் சரியாக. அவன் பெயருக்கு நான் தாளம் போடுகிறேன்.

அவன்மேல் எனக்குப் பொறாமை வருகிறது. செத்துப்போனவன்மேல். என்ன பிறவி நான்?

மே 10

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

இன்று அன்னையர் தினம். தலைநகரில் நிகழ்ச்சி. மதியம் அரங்கில் ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்தோம். காலி நாற்காலிகளுக்கு நடுவே அம்பாரோ அம்மா உட்கார்ந்திருந்தார். ஃபவுஸ்தோவும் ஹெர்மிலோவும் வானொலிக்காரர்களோடு வெளியே போனதும் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். மடியில் மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்த் துண்டுகள். எடுத்துக்கோ என்றார். எடுத்துக்கொண்டேன்.

"அந்தப் பாட்டை நீதானே கண்ணு வாசிச்சே?"

கடித்த துண்டைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தேன்.

"பயப்படாதே. எனக்கு முதல்லயே தெரியும். அன்னிக்கு அவன் என்கிட்டதான் வந்தான்."

சத்தம் உயர்த்தாமல், காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார். அன்று மதியம் நாசாரியோ கதவை உதைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். உன் சின்னப் பிள்ளைக்கு நான் இழுக்கிறேனாம் என்று கத்தினான். நடந்ததையெல்லாம் கொட்டினான். அம்மா சூப் ஊற்றிக் கொடுத்தார். குடித்தான். கொஞ்சம் ஆறினான்.

"நான்தான் சொன்னேன். நீ பெரியவன்டா, விட்டுக்கொடு, போய் அவன் கேக்கறபடி வாசிச்சுட்டு வான்னு. போகமாட்டேன்னான். முதுகுல கை வச்சு வாசல்வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனேன். சிரிச்சுக்கிட்டேதான் போனான். பஸ் நிறுத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

அந்தச் சாலையைக் கடக்கும்போதுதான் மினிபஸ் மோதியிருக்கிறது. சாலையோரம் வீடு. சத்தம் கேட்டிருக்கும்.

"அப்போ தினமும் அந்தப் பாட்டைப் போட்டு அழறீங்கன்னு ஃபவுஸ்தோ சொன்னாரே…"

"ஃபவுஸ்தோ பார்க்கறான்ல. நான் நம்பி அழுதாத்தான் அவனுக்குச் சோறு இறங்குது."

"அவர்கிட்ட சொல்லிடுங்கம்மா. அண்ணன் சமாதானமாத்தான் வந்துக்கிட்டிருந்தார்னு தெரிஞ்சா அவருக்கு —"

"இப்போ, வீட்டுக்கு வந்து சேரும்முன்னயே, தன்னை விட்டுப் போகும்போது செத்தான்னு நினைக்கிறான். சொன்னா, தன்கிட்ட வரும்போது செத்தான்னு நினைப்பான். எது லேசு? நீ சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

"அதுவுமில்லாம" என்றார், "நான்தான் அனுப்பினேன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். அவனுக்கு மிச்சம் இருக்கிறது நான் ஒருத்திதான்."

மாங்காய்ப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்தவர் என் தோளில் கைவைத்து நின்றார். "கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா, நடுவுல ஒரு இடத்துல எனக்கே மறந்துபோகுது. அதுக்கு உனக்குக் கோடிப் புண்ணியம்."

ஹெர்மிலோ திரும்பி வந்து "என்ன ஆச்சு, முகம் இப்படி இருக்கு?" என்றான். மிளகாய் என்றேன்.

மே 11

அம்மாவின் பொய்க்கும் மகனின் பொய்க்கும் நடுவில் உட்கார்ந்து டிரம்ஸ் வாசிக்கிறேன். எனக்கு இதற்குத்தானா சம்பளம்?

ஜூன் 22

கெரேத்தாரோ போகும் வழியில் சாலையோரக் கடையில் சாப்பிட்டோம். ஃபவுஸ்தோ என் எதிரே உட்கார்ந்தான். இப்போதெல்லாம் நன்றாகப் பேசுகிறான், 'நீ' என்கிறான்.

"அம்மா இப்போல்லாம் சிரிக்கிறாங்க, ஒதிலியா. நேத்து அந்தப் பாட்டைக் கேட்டுட்டு, உங்கண்ணன் உன்மேல உயிரையே வச்சிருந்தான்டான்னாங்க. உன்னாலதான். நான் ஒருநாளும் மறக்கமாட்டேன்."

வாயைத் திறந்தேன். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். சோள ரொட்டியைப் பிய்த்து வாய்க்குள் போட்டுக்கொண்டேன்.

"உப்புக் குறைச்சல்" என்றேன்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றான்.

இதற்குமேல் என்னால் முடியாது. ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஒரு கோபத்தில், உளறிவிடுவேன். கோபத்தில் உளறினால் என்ன ஆகும் என்று அந்தக் குடும்பத்தைப் பார்த்துமா எனக்குத் தெரியாது?

ஜூலை 4

விலகிவிட்டேன். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். இந்தப் பொய் அடுக்கில் என் பங்குக்கு ஒன்று.

ஃபவுஸ்தோ நிறையக் கெஞ்சினான். ஹெர்மிலோ மட்டும் எதுவும் கேட்கவில்லை. வாசல்வரை வந்து, "உன் பேரு அங்க வந்திருக்கணும்" என்றான். முதல்முறையாக ஒருவன் சொன்னான். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது.

நவம்பர் 9

ஹெர்மிலோ போன் செய்தான். புது டிரம்மர் மொந்தெரேயிலிருந்து வந்த பையனாம், கெட்டிக்காரனாம். ஃபவுஸ்தோ தன் வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு இருக்கப் போர்த்தாலெஸுக்கே வந்துவிட்டான். ஞாயிறு மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், இரவல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். ஏழாவது பாட்டு வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

"பார்க்கவே நல்லா இருக்கு" என்றான்.

இருக்கும்.

1998 பிப்ரவரி 14

ஒரு கல்யாணம். சிமால்வாகானில். மண்டபத்தின் கூரைத் தகரம் காற்றில் தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. கும்பியா, கும்பியா, நடுவில் ஒரு வால்ஸ், மறுபடி கும்பியா.

சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை டையைத் தளர்த்திக்கொண்டு வந்தான். எதிர்வெயில் தெரியுமா என்றான். அவனும் அவளும் முதன்முதலில் பேசிக்கொண்டபோது அதுதான் எங்கோ ஓடிக்கொண்டிருந்ததாம். எங்கள் அக்கார்டியன்காரருக்கு மெட்டு அரைகுறையாகத் தெரியும். போதும் என்றேன்.

வாசித்தேன். அவர்கள் இருவர் மட்டும் ஆடினார்கள். குழந்தைகள்கூட ஓடாமல் நின்று பார்த்தார்கள். அடியைத் தள்ளிப் போட்டபோது அந்தப் பெண் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் மாப்பிள்ளை வேர்த்து வழிய வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நல்ல பையன். மனசில் பட்டதைச் சொல்கிறவன்.

"ரொம்ப நல்லா வாசிச்சீங்கக்கா. தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா, நாசாரியோ மாதிரி வராது."

"வராதுப்பா" என்றேன். "யாருக்குமே வராது."

பெண்ணின் அப்பா அடுத்த பாட்டு எங்கே என்று கத்தினார். குச்சியை மாற்றிக்கொண்டு கும்பியா தொடங்கினேன்.